தோத்தாத்ரிக்கு மறை கழண்ட கதை

தோத்தாத்ரிக்கு மறை கழண்டுவிட்டது என்ற செய்தி, குரோம்பேட்டை அஸ்தினாபுரம் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் இல்லாமலே மூன்றாம் மாடிவரை ஏறிவிட்டது. சனிக்கிழமைதோறும் மறைமலை நகரில் மனநல டாக்டரைப் பார்க்கிறாராம்.

தண்ணீர் மோட்டார் அறையின் சாவி பதினோரு வருஷமாக அவரிடம்தான். தொட்டி ஒருநாளும் வழிந்ததில்லை, வற்றியதுமில்லை. ரிட்டயரான மனிதருக்கு அந்தச் சாவிதான் உத்தியோகம். குடியிருப்போர் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதைப் பிடுங்குவதாக ஏற்பாடு.

சங்கச் செயலாளர் ஜெயஸ்ரீ டீச்சர், விடைத்தாளைப் படித்துவிட்டு மார்க் போடும் அபூர்வ இனம். விசாரித்துவிடுவது என்று சனிக்கிழமை குரோம்பேட்டையில் ரயில் ஏறினார்.

கிளினிக் மாடியில் இருந்தது. ஜன்னலெல்லாம் கறுப்புத்தாள், தெருவிலிருந்து ஈகூட எட்டிப் பார்க்க முடியாது. உள்ளே மூலை நாற்காலியில் தோத்தாத்ரி முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார்.

“வாங்கோ டீச்சர்! உங்களுக்கும் தூக்கம் வரலையா?”

“ஐயோ, எனக்கில்ல சார். ஒரு ஃப்ரெண்டுக்காக…”

“இங்க எல்லாருமே ஃப்ரெண்டுக்காகத்தான் வரா. நான் ஒருத்தன்தான் எனக்காக வரேன். பிரஷருக்கு ஒரு மாத்திரை, படபடப்புக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதான்.”

“நம்ம குரோம்பேட்டையிலயே டாக்டர் இருக்காரே?”

“இருக்கார். ஆனா யாரும் பார்த்துடக் கூடாதுன்னு நம்ம ஏரியாவே இங்கதானே வரது! எனக்கும் பேச்சுத்துணையாச்சு.”

ஃப்ரெண்டுக்காக உள்ளே போன டீச்சர், விடைத்தாள் கட்டைக் கண்டாலே நெஞ்சு அடித்துக்கொண்டு ராத்தூக்கம் போய்விடும் சங்கதியை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார். நாற்பது நிமிஷம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கைப்பையில் ஃப்ரெண்டின் மாத்திரை.

மறுநாள் கூட்டத்தில் கீழ்வீட்டுத் தனசேகர் எழுந்தார். “கரண்ட் சமாச்சாரம் மேடம். மெண்டல் கேஸ் கையில சாவி இன்னாத்துக்கு? நானே கண்ணால பார்த்தேன். அந்த கிளினிக்ல மூலை நாற்காலில குந்திகினு முறுக்கு துன்றாரு!”

ஜெயஸ்ரீக்குக் கறுப்புத்தாள் ஜன்னல் நினைவுக்கு வந்தது. “நீங்க எங்கேருந்து சார் பார்த்தீங்க?”

“எதிர் நாற்கா…” தனசேகர் மீதியை விழுங்கினார்.

பாதிக் கூட்டம் திடீரென்று செல்போனைப் பார்த்தது. சாவியைப் பற்றி அப்புறம் யாரும் மூச்சுவிடவில்லை.

மாடிப்படியில் தோத்தாத்ரி நிறுத்தினார். “தேங்க்ஸ் டீச்சர். ஆனா, ‘நானும் போயிருந்தேன்’னு ஒரு வார்த்தை சொல்லுவேள்னு பார்த்தேன்.”

“அடுத்த கூட்டத்துல கண்டிப்பா சொல்றேன் சார்.”

அதற்கப்புறம் மூன்று கூட்டம் ஆகிவிட்டது. டீச்சர் இப்போது நன்றாகத் தூங்குகிறார். அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்னும் பாக்கி.