விளக்குப் பட்டியலைக் காத்த லுவான்

லுவானிடம் வேலை கொடுத்தவர்கள் யாரும் அவள் குரலை அதிகம் கேட்டதில்லை. கடலோர ஊரான தொங்ஷியின் மீன் சந்தைக்குப் பின்னால், பாதி இறக்கிய ஷட்டருக்குள் உட்கார்ந்து பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பாள். வருகிறவர்கள் பெட்டியை வைத்துவிட்டு, என்ன கோளாறு என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டுப் போவார்கள். அவளும் சீட்டிலேயே பதில் எழுதி வைப்பாள். "ஃபேன் மாற்றியாச்சு. உள்ளே கரப்பான் குடும்பம் இருந்தது. இப்போது இல்லை." அவ்வளவுதான்.

பதினைந்து வயதில் படிப்பை நிறுத்திவிட்டு தைனான் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் தொழிற்சாலையில் சேர்ந்தவள். பதினேழு வருஷம் அங்கே மதர்போர்டுகளில் கேபிள் சொருகும் இணைப்புத் துளைகளைப் பொருத்தினாள். நகர்ந்து வரும் பட்டையில் ஒரு போர்டுக்குப் பதினோரு நொடி. பேச நேரமில்லை, பார்க்க மட்டும்தான் நேரம். ஆலையைக் கடலுக்கு அப்பால் தூக்கிக்கொண்டு போனார்கள். பார்க்கும் பழக்கம் மட்டும் அவளோடு ஊருக்கு வந்தது.

அப்படிப்பட்டவள் ஒரு காலையில் கடலன்னை கோயில் மண்டபத்தில், எண்பது பேர் பார்க்க, ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டி வந்தது.

அந்தக் கோயிலில் வருஷப் பிறப்புக்கு முன்னால் விளக்குப் பதிவு நடக்கும். சுவர் முழுக்க ஆயிரத்து எண்ணூறு சின்ன விளக்குகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு குடும்பத்தின் பெயர். போன வருஷம் எந்த இடமோ இந்த வருஷமும் அதே இடம். ஒரு வரிசை கீழே இறங்கிவிட்டால் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோகும். யாருக்கு எந்த இடம் என்பது கோயில் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. ஐப்பசி மாத மழையில் இடி விழுந்து அந்தக் கம்ப்யூட்டர் கருகிப்போனது. உள்ளே இருந்த விரல் நீளக் குச்சி டிஸ்க் மட்டும் பிழைத்தது. பட்டியல் அதில்தான் இருக்கிறது.

லுவான் தன் கடையிலிருந்து ஒரு பழைய பெட்டியும் புது ஹார்டு டிஸ்க்கும் கொடுத்தாள். புது டிஸ்க்கில் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸைப் போடுவது, குச்சியை அப்படியே பக்கத்தில் சொருகிப் பட்டியலைத் திறப்பது. இதுதான் ஏற்பாடு. குச்சியைக் கடைக்கு எடுத்துப் போக முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் யாரோ பட்டியலை பென்டிரைவில் நகல் எடுத்துப் போக, ஊர் முழுக்க இன்சூரன்ஸ்காரன் போன் பண்ணித் தீர்த்துவிட்டான். அதன் பிறகு அன்னையின் முன் பிறை வடிவக் கட்டைகளைத் தரையில் போட்டு, அவை விழும் விதத்தில் உத்தரவு கேட்டார்கள். பட்டியல் வாசலைத் தாண்டக் கூடாது, பென்டிரைவில் ஏறக் கூடாது என்று மூன்று முறையும் உத்தரவாகிவிட்டது. லினக்ஸையும் கடையிலேயே போட்டு வரக் கூடாதாம். புது யந்திரத்துக்கு உயிர் கொடுப்பது பஞ்சாங்கத்தில் பார்த்த நேரத்தில், அன்னை முன்னால்தான் நடக்க வேண்டும். அன்றைக்குக் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை நல்ல நேரம். ஒன்பதுக்குப் பதிவு தொடக்கம்.

நேரம் பார்த்தவர் கோயில் செயலாளர் ஹௌ. மின்வாரியத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒயர் என்று இருந்தால் அதில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைப்பவர்.

ஏழு மணிக்கு ஊதுபத்தி கொளுத்தினார்கள். லுவான் குச்சியைச் சொருகி, பென்டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பினாள். எந்த டிஸ்க்கில் போடட்டும் என்று திரை கேட்டது. கீழே ஒரே ஒரு டிஸ்க்தான் இருந்தது. அளவைப் பார்த்தாள். நூற்றிருபது ஜிபி. குச்சி! ஐந்நூறு கொள்ளும் புது டிஸ்க்கைக் காணவே காணோம். "இந்த டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டு நிறுவு" என்ற வரி மட்டும் வெளிச்சமாக நின்றது.

"என்னம்மா, நிக்குது? அழுத்து" என்றார் ஹௌ.

லுவான் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். பெட்டியை அணைத்து, மூடியைத் திறந்து, கரண்ட் ஒயரை அழுத்திவிட்டு மறுபடி போட்டாள். டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மெல்லிய அதிர்வு. சுற்றத்தான் செய்கிறது. டேட்டா கேபிளைக் கழற்றி அதே துளையில் வேறொன்றைச் சொருகினாள். காணோம். பெட்டியின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய் டிஸ்க்கைப் படிக்கும் முறையை மாற்றிப் பார்த்தாள். காணோம். அதைப் பழையபடி வைத்தாள்.

வரிசையில் முதல் ஆளாக பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவள் ஆ-தாவ். கோயில் சமையல் கட்டுக்குத் தலைவி. காலைக் கஞ்சியை உதவிக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஐந்தரைக்கே வந்துவிட்டாள்.

"ஹௌ அண்ணே, உங்க நல்ல நேரம் நமக்கா, இந்தப் பெட்டிக்கா? அது இன்னும் தூங்குது!"

"நீ போய்க் கஞ்சியைக் கிண்டு. இது டெக்னிக்கல்."

"கஞ்சி வெந்து அரை மணி நேரமாச்சு. உங்க டெக்னிக்கல்தான் இன்னும் வேகல."

வரிசை சிரித்தது. ஹௌவின் காது சிவந்தது. எட்டு அடித்ததும் நகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். எதிர்முனையில் யாரோ எதையோ மென்றுகொண்டே பேசினார்கள்.

"எத்தனை டிஸ்க் காட்டுது சார்? ஒண்ணா? அப்ப அதுதான் சார். அதை அழுத்திட்டு, கேக்கறதுக்கெல்லாம் சரின்னு குடுத்துட்டே போங்க."

"கேட்டியாம்மா? படிச்சவங்க சொல்றாங்க" என்று ஹௌ விசைப்பலகைக்குக் கையை நீட்டினார்.

லுவான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிறகுதான் பிடித்திருப்பது தெரிந்தது.

"வேணாம் பெரியப்பா." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அதுலதான் எல்லார் பேரும் இருக்கு. அழுத்துனா ஆயிரத்து எண்ணூறும் போயிரும்."

"எல்லாமா?" என்றாள் ஆ-தாவ்.

"எல்லாம்."

ஆ-தாவ் ஸ்டூலை விட்டு எழுந்தாள். "அண்ணே, கையை எடுங்க. எடுத்து இடுப்புக்குப் பின்னால கட்டிக்குங்க. லுவானு, நீ பாருடி. இந்தப் பக்கம் எவன் வர்றான்னு நான் பாத்துக்கறேன்."

லுவான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பெட்டிக்குள்ளேயே பார்த்தாள். போன வாரம் கடையில் இதே டிஸ்க், இதே பெட்டி, போட்டதும் தெரிந்தது. கடையில் இல்லாதது இங்கே என்ன இருக்கிறது? ஊதுபத்தி இருக்கிறது, ஹௌ பெரியப்பா இருக்கிறார். பெட்டிக்குள்ளே? குச்சி.

பெட்டியை அணைத்து, குச்சியைக் கழற்றி ஒரு சிவப்புத் தாளில் வைத்தாள். மறுபடி போட்டாள். ஐந்நூறு டிஸ்க் உடனே வந்து நின்றது. அணைத்துக் குச்சியைச் சொருகினாள். ஐந்நூறு மறைந்தது.

இதை அவள் தொழிற்சாலையில் பார்த்திருக்கிறாள். சில போர்டுகளில் குச்சிக்கும் கடைசித் துளைக்கும் ஒரே பாதைதான். குச்சி வந்து உட்கார்ந்தால் அந்தத் துளை வாயை மூடிக்கொள்ளும். மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த படத்திலும் அந்த இரண்டையும் ஒரு கோடு சேர்த்தது. டிஸ்க்கின் கேபிளை விரலால் தடவிக்கொண்டே போனாள். அது கடைசியான ஆறாம் நம்பர் துளையில் முடிந்தது.

கடையில் அவள் சொருகியது நாலில்.

அவள் ஹௌவின் கைகளைப் பார்த்தாள். பின்னால் கட்டியிருந்த கை விரல்கள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. நேற்று சாயங்காலம் பெட்டிக்குச் சிவப்புத் துணி கட்டி வைத்தவர் அவர்தான். அவர் தேநீர் ஊற்றினால் மூன்று கோப்பை ஊற்றுவார், இல்லாவிட்டால் ஐந்து. நாலாம் நாற்காலியில் உட்கார மாட்டார். அவர் மட்டுமா? நாலு என்றாலும் சாவு என்றாலும் இந்த ஊர்ப் பேச்சில் ஏறக்குறைய ஒரே ஒலி. இங்கே ஆஸ்பத்திரிகளிலேயே நாலாம் மாடி கிடையாதே.

லுவான் எழுந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"பெரியப்பா, ஒயரை மாத்திச் சொருகுனீங்களா?"

ஹௌ கூரையில் இருந்த டிராகனைப் பார்த்தார். "நாலுல இருந்துச்சும்மா. ஊர்க்காரங்க ஆயுசைக் கொண்டுபோய் நாலுலயா சொருகறது? ஆறு ராசி நம்பர், எல்லாம் வழுக்கிட்டு ஓடுமேன்னு..."

"ஆறும் குச்சியும் ஒரே வழி. குச்சி போட்டா ஆறு தூங்கிடும்."

"அப்ப நாலுதானா?" அவர் முகம் அழுவதுபோல் ஆகிவிட்டது. "என்னால முடியாதும்மா."

"ரெண்டு காலியா இருக்கு பெரியப்பா."

ஹௌ அவளை உற்றுப் பார்த்தார். அவள் கண்ணில் கேலி இல்லை. வரிசைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவர் தலையசைப்புக்காகக் கேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் நிமிர்ந்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்:

"டிஸ்க்கை ரெண்டாம் நம்பருக்கு மாத்தறோம்! நல்ல காரியம் ஜோடியா வரணும்!"

"இதை ஏழு மணிக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றாள் ஆ-தாவ்.

"ஏழு மணிக்கு எனக்கே தெரியாது!"

சொன்ன பிறகுதான் தன்னையே காட்டிக்கொடுத்தது அவருக்கு உறைத்தது. வரிசை மறுபடியும் சிரித்தது, இந்த முறை அவரும் சேர்ந்துகொண்டார்.

கேபிள் இரண்டில் ஏறியது. திரையில் இரண்டு டிஸ்க்குகள் வந்தன, நூற்றிருபதும் ஐந்நூறும். லுவான் எண்ணை மூன்று தடவை வாய்க்குள் படித்து, ஐந்நூறைத் தேர்ந்தெடுத்து, இன்னொரு தடவையும் படித்துவிட்டு அழுத்தினாள். நீலப் பட்டை நகர நகர வரிசையே கழுத்தை நீட்டி அதைப் பார்த்தது. எட்டு ஐம்பத்து மூன்றுக்கு லினக்ஸ் எழுந்தது. குச்சியைத் திறந்தாள். முதல் வரிசை முதல் இடத்திலிருந்து பெயர்கள் சரம்சரமாக இறங்கின. முதல் காரியமாகப் புது டிஸ்க்கில் ஒரு நகல் போட்டாள். நகல் வாசலைத் தாண்டவில்லையே, அன்னைக்கும் ஆட்சேபணை இருக்காது என்று ஹௌவே சொல்லிவிட்டார்.

ஒன்பது அடித்தது. வழக்கமாகப் பதிவு செய்கிறவர் ஹௌதான். அவர் நாற்காலியிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றார்.

"எனக்கு இந்தப் பெட்டியைத் தொடவே பயமா இருக்கு. நீயே உக்காந்து எழுதிரும்மா."

"நானா? பேரு, பிறந்த தேதி எல்லாம் கேக்கணுமே பெரியப்பா."

"கேளு."

ஆ-தாவ் ஸ்டூலோடு நகர்ந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். லுவான் திரையைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தாள். "பேரு?"

"என்னது?"

"உங்க பேரு."

"ஏண்டி, நீ பொறந்தப்ப ஊருக்கெல்லாம் எண்ணெய்ச் சோறு ஆக்கிப் போட்டவ நான்! என்கிட்டயா பேரு கேக்கற?"

"எனக்குத் தெரியும் அக்கா. பட்டியலுக்குத் தெரியணும்ல."

"அப்ப சத்தமாக் கேளு. பின்னால ரெண்டு கிழவனுங்களுக்குக் காது கேக்காது."

மத்தியானம் ஆ-தாவ் சிப்பிக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். லுவான் ஒரு கையால் குடித்துக்கொண்டே மறு கையால் எழுதினாள். முதல் முப்பது பேரிடம் திரையைப் பார்த்துத்தான் கேட்டாள். அப்புறம் எப்போது முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு சகோதரர்கள் ஒரே இடத்தைக் கேட்டு மல்லுக்கு நின்றபோது, "அண்ணனுக்கு ஏழாவது வரிசை, தம்பிக்கு எட்டு. பட்டியல்ல அப்படித்தான் இருக்கு, சண்டைன்னா வெளிய போய்ப் போடுங்க" என்றாள். ஹௌ தேநீர்க் கோப்பையோடு திரும்பி, சொன்னது யார் என்று பார்த்தார்.

மாலை நாலு மணிக்கு இருநூற்று அறுபது பேர் முடிந்திருந்தார்கள். குரல் பாதி போய்விட்டது. வரிசையின் முன்னால் இருந்தவர் பக்கத்து ஆளோடு இறால் விலையைப் பேசிக்கொண்டு நகராமல் நின்றார். லுவான் இருக்கிற குரலைத் திரட்டி எடுத்தாள்.

"அடுத்த ஆள்!"

இறால்காரர் திடுக்கிட்டுச் செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார்.