அத்தையின் மேசை ரம்பமும் ஒரு மரச் சீப்பும்

பட்டுச் சேலையின் கொசுவத்தைச் செருகிவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். அத்தையின் வயிற்றில், விலா எலும்புக்குச் சற்றுக் கீழே, ஒரு நீலக் கட்டம். இரண்டு விரல் அகலம் இருக்கும். அதன் ஓரங்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருந்தன. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலை அது. "கட்டல்ல இடிச்சுக்கிட்டேன் கண்ணு" என்று சொல்லி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். நான் இயன்முறை மருத்துவர். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் நாள் முழுக்கப் பிறர் உடம்பில் பட்ட அடிகளைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. கட்டில் முனை அப்படி ஒரு கட்டத்தை வரைந்துவிட்டுப் போகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வாசலில் கார் நின்றுகொண்டிருந்தது, என் கணவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் கேட்க நேரமில்லை.

அத்தை என் கணவரின் அம்மா. மதுக்கரையைத் தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குள் அவர்கள் வீடு. மாமா சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார், செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படிப்பார். தோப்பை எப்போதும் அத்தைதான் பார்த்துக்கொண்டார். தேனீ வைத்தால் தென்னையில் குரும்பை அதிகம் நிற்கும் என்று யாரோ சொல்ல, பயிற்சிக்குப் போய்வந்து நான்கு பெட்டிகள் வாங்கிவைத்தார். பெட்டிக்குள் தொங்கும் மரச்சட்டங்களில்தான் தேனீக்கள் அடை கட்டும். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் கொஞ்சம் இடம் கூடிப்போனாலும் குறுக்கே அடை கட்டி எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிவிடும். கடையில் வாங்கிய சட்டங்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. சட்டத்துக்கு நாலு குச்சி அறுக்கத் தோப்பு வரைக்கும் வர எந்த ஆசாரிக்கும் நேரமில்லை. ஒருநாள் காந்திபுரத்துக்குப் பஸ் ஏறிப்போன அத்தை, ஒரு சிறிய மேசை ரம்பத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். மேசை நடுவில் சுழலும் வட்ட பிளேடை நோக்கி மரத்தைத் தள்ளி அறுக்கும் மிஷின் அது. மோட்டார் அறையை ஒட்டிய கொட்டகையில் அதை வைத்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது.

ஞாயிறுகளில் நாங்கள் போகும்போது கொட்டகையிலிருந்து ரம்பத்தின் ஓசை வரும். கொண்டையில் மரத்தூள் படிய, மாமாவின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, கைகளை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு அத்தை நிற்பார். அறுத்த குச்சிகளை வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். வேறு எதைச் செய்யும்போதும் அவர் முகத்தில் அந்த உன்னிப்பை நான் பார்த்ததில்லை. பெட்டிகள் பன்னிரண்டு ஆயின. பக்கத்துத் தோப்புக்காரர்களும் அவரிடம் சட்டம் கேட்டு வரத் தொடங்கினார்கள்.

கல்யாணம் முடிந்து திரும்பியதும் மறுபடி கேட்டேன். இந்த முறை மறைக்கவில்லை. "குச்சி அறுத்துட்டு இருந்தேன். பிளேடு கவ்வி எம்மேலயே திருப்பி எறிஞ்சுபோட்டுது. ஒரு நிமிசம் மூச்சே வல்ல" என்றார். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது எல்லோரும் இருக்கையில் நான் அதைச் சொன்னேன். நான்கு விரல் மேலே பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் சொன்னேன். விரல் போன கைகளை வாரந்தோறும் பார்க்கிறவள் நான். என் கணவர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அந்த மிஷின வித்துப்போடலாம்மா. உனக்கு எதுக்கு இந்த வேல?" என்றார். மாமா தலையை நிமிர்த்தாமல், "ஆமா, குடுத்துபோடலாம்" என்றார்.

அத்தை மாமாவுக்குத் தயிர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்துக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "கல்யாணமாகி வந்த நாளா அடுப்புகிட்ட நிக்கறேன். எண்ண தெறிச்சிருக்குது, கஞ்சி கொட்டிக் காலு வெந்திருக்குது. குக்கர் மூடி பறந்து செவுத்துல அடிச்சுது, இந்தா, அந்தப் பள்ளம் இன்னும் இருக்குது. ஒருத்தராவது அடுப்ப வித்துப்போடலாம்னு சொன்னீங்களா?" குரலை உயர்த்தவே இல்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எங்கள் மூவர் கண்ணும் தாமாகவே சமையலறைச் சுவரை நோக்கிப் போயின.

ரம்பத்தை யாரும் விற்கவில்லை. ஆனால் அத்தையும் அதைத் தொடவில்லை. அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் கொட்டகை சாத்தியே கிடந்தது. எங்களுக்குப் பிடித்ததைச் சமைத்தார், நன்றாகத்தான் பேசினார். ஆனால் கையில் ஏதோ ஒன்று குறைவதுபோல் விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மாமா செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பாமல், அவர் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளினிக்கில் ஆள் இல்லாத மத்தியானங்களில் மேசை ரம்பத்தைப் பற்றிய வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அப்படித்தான் ஃபெதர் போர்டு என்ற ஒன்று இருப்பது தெரிந்தது. நுனியைச் சாய்வாக வெட்டி, சீப்பின் பற்கள்போல் நெருக்கமாகக் கீறிவிட்ட ஒரு பலகை, அவ்வளவுதான். அறுக்கும் மரத்தை அது பக்கவாட்டுத் தடுப்போடு அழுத்திப் பிடிக்கும். முன்னால் தள்ளினால் பற்கள் வளைந்து வழிவிடும்; மரம் பின்னால் வரப் பார்த்தால் குத்திக்கொண்டு மறிக்கும். அந்த ஞாயிறு போனில் அத்தைக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார். "சீப்பாட்டவே இருக்குது" என்றார். கொட்டகையைத் திறந்தபோது, சுவரில் ஆணியில் தொங்கிய தகட்டைக் காட்டி அது என்ன என்று கேட்டேன். பிளேடுக்குப் பின்னால் நின்று, அறுபட்ட மரம் பிளேடைக் கவ்வாமல் காக்க வேண்டிய தகடு அது. "சட்டத்துக்குப் பள்ளம் வெட்டறப்ப எடஞ்சலா இருந்துதுன்னு கழட்டுனேன். மறுக்கா மாட்டல" என்றார். "சீப்பு மட்டும் போதாதுங்க அத்தை, இதையும் மாட்டோணும்" என்றேன். தலையாட்டினார்.

ஒரு சனிக்கிழமை அந்தச் சீப்பை வாங்க டவுனுக்குக் கிளம்பினோம். நானும் அத்தையும்தான் போவதாகப் பேச்சு. பார்த்தால் மாமா சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு காருக்கு அருகில் நின்றார். கடைக்காரர் முதலில் காந்தம் வைத்ததை எடுத்துவந்தார், மேசையில் வைத்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும் என்றார். "எங்க மிஷின் மேச அலுமினியமுங்க. அதுல காந்தம் ஒட்டாதுங்க" என்றார் அத்தை. அடுத்தது, மேசையில் இருக்கும் நீளப் பள்ளத்துக்குள் நுழைத்துத் திருகி இறுக்குவது. "எல்லா மிஷினுக்கும் சேருமுங்க" என்றார் கடைக்காரர். அத்தை கைப்பையிலிருந்து ஒரு சிறு குச்சியை எடுத்தார். ரம்பத்தின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி சீவியெடுத்து வந்திருந்தார். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கடைச் சீப்பின் பட்டை அகலமாக இருந்தது. அரைகுறையாக நிற்கும் சீப்பை நம்பிக் கையை வைப்பதைவிடச் சீப்பே இல்லாமல் இருப்பது மேல் என்று எனக்குத் தோன்றியது. அத்தைக்கும் அப்படியே தோன்றியிருக்க வேண்டும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு கிளாம்ப் மட்டும் வாங்கினார். "பலகையில நாமளே செஞ்சு மேசையோட சேத்து இறுக்கிக்கலாம்" என்றார்.

சீப்பு தயாராகும்வரை ரம்பத்தை ஓட்டுவதில்லை என்று ஏற்கெனவே எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் பற்களைக் கைரம்பத்தால்தான் அறுக்க வேண்டும். நல்ல நேரான ரேகை ஓடும் தேக்குத் துண்டு ஒன்றைத் தேடியெடுத்து, அத்தை பென்சிலால் கோடு போட்டார். மறு ஞாயிறு நாங்கள் போனபோது மாமா வேப்பமரத்தடியில் பலகையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கோடாக அறுத்துக்கொண்டிருந்தார். செய்தித்தாள் நாற்காலியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. "உங்கத்தைக்குத் தோள் நோவுது, அதான்" என்றார் என்னிடம், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. அறுக்கும்போது ஒரு பல் ஒடிந்துபோனது. அதைப் பார்த்து அத்தை சிரித்தார். பல நாட்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

முதல் தடவை ஓட்டியபோது நாங்கள் எல்லோரும் கொட்டகையில் இருந்தோம். தகடு அதன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. என் கணவர் சீப்பைப் பிளேடுக்கு நேர் பக்கத்தில் வைத்து இறுக்கப் போனார். "அங்க வெச்சா அறுபட்ட துண்ட பிளேடோட சேத்து நெருக்கும் சாமி. மரம் பிளேடத் தொடறதுக்கு முன்னாலயே சீப்பு நிக்கோணும்" என்று அத்தை நகர்த்தி வைத்தார். சுவிட்சைப் போடும் முன், மரத்தைச் சீப்புக்கும் தடுப்புக்கும் நடுவில் கொஞ்சம் தள்ளிவிட்டு மாமாவைக் கூப்பிட்டார். "ஏனுங்க, இதப் பின்னால இழுங்க." மாமா இழுத்தார், மரம் அசையவில்லை. "மறுக்கா இழுங்க." கால் ஊன்றி இழுத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, சீப்பின் பற்களை விரலால் ஒருமுறை தடவினார். "செரி, ஓட்டு" என்றார். அத்தை மரத்துக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒதுங்கி நின்று, கடைசி முழத்தைக் கையால் தொடாமல் தள்ளுகுச்சியால் தள்ளினார். குச்சி சீராக அறுபட்டு வந்தது.

அதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. போன மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் போனபோது அத்தை காய்ச்சலில் படுத்திருந்தார். அன்று பார்த்து முருங்கை மரத்தில் ஒரு தேனீக் கூட்டம் வந்து தொங்கியது. அது கிளம்புவதற்குள் பெட்டியில் விட வேண்டும். பெட்டி இருந்தது, சட்டங்கள் போதவில்லை. "நாலு குச்சிதான? நான் அறுத்துபோட்டு வாரேன்" என்று மாமா எழுந்தார். தனியாக அவர் ரம்பத்தைத் தொட்டதே இல்லை. நான் வேண்டாமென்று சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தை போர்வையோடு எழுந்து வந்துவிட்டார். தகட்டைப் பார்த்தார், கிளாம்பைத் திருகிப் பார்த்தார், சீப்பை ஒரு விரல் தள்ளி வைத்தார். பிறகு வந்து கொட்டகை வாசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மரம் பிளேடைத் தொட்டு ஓசை கனக்கும்போதெல்லாம் அவர் விரல்கள் என் தோளை இறுக்கின. காய்ச்சலின் சூடு சட்டை வழியே தெரிந்தது. இரண்டாவது குச்சி முடிந்து மாமா சுவிட்சை அணைத்தபோது, அத்தை அவரைப் பார்த்தபடியே என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"நான் அறுக்கறப்ப நீங்கெல்லாம் இப்படித்தான் நின்னுட்டு இருந்தீங்களா கண்ணு?"

"ஆமாங்க அத்தை" என்றேன்.

மாமா அடுத்த குச்சியை எடுத்து வைத்தார். "ஏனுங்க, கொஞ்சம் அக்கட்டால தள்ளி நில்லுங்க" என்று அத்தை குரல் கொடுத்தார். மாமா திரும்பிப் பார்க்காமலே ஓர் எட்டு ஒதுங்கி நின்றுகொண்டு, சுவிட்சைப் போட்டார்.