இரண்டாவது டெர்மினலில் திறந்திருந்த ஃபைல்

போன வாரம் ஆடிக் கிருத்திகை. திருத்தணியே காவடியும் மொட்டையுமாக இருந்தது. நான் மட்டும் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, டிகிரி வாங்கிய திமிரோடு ஒரு காரியம் செய்தேன்.

எங்கள் சென்டரில் ஒரே மெஷின். அதற்கு இரண்டு டெர்மினல், ஆளுக்கொரு திரையும் கீபோர்டுமாக. ஒன்றில் நான். இன்னொன்றில் அம்மையார்குப்பத்து வசந்தா. அவள் அப்பா தறியில் போடும் சேலை பார்டர்களைக் கட்டம் கட்டமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மூன்று மாத உழைப்பு. ஃப்ளாப்பியில் அடங்காத சைஸ். திங்கட்கிழமை ஒரு ஜவுளி முதலாளி பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துவிட்டால் அவளுக்கு வேலை.

"நைனா காவடியோட வந்துகினு கீறாரு. பாத்துட்டு வந்துடறேன், இத அப்படியே உடு" என்று ஃபைலை மூடாமல் ஓடினாள்.

அந்த நேரம் பார்த்து, என் புரோகிராமை சேவ் செய்ய இடமில்லை என்றது மெஷின். தேடினேன். 'டெம்ப்' என்று ஒரு பெரிய ஃபைல்... டெம்ப் என்றால் தற்காலிகம், குப்பைதானே? யாரைக் கேட்க வேண்டும்? அழித்தேன்.

இடம் வரவில்லை. மறுபடி பார்த்தேன் — டிஸ்க் இன்னும் ஃபுல். எனக்கு வந்ததே கோபம். மெஷினையே அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். இப்போது வந்தது இடம், தாராளமாக.

வசந்தா நெற்றி நிறைய விபூதியோடு திரும்பினாள்.

"டெம்ப் எங்க போச்சு?"

"அது உன்னுதா? அப்படியா பேர் வைப்பாங்க?"

அவள் போய், எங்களுக்குப் பாடம் எடுக்கும் சாரைக் கூட்டி வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டார்: "அழிச்சதும் ஏன் எடம் வரல, யோசிச்சியா?"

"மெஷின் மக்கர் பண்ணுதுன்னு நெனச்சேன் சார்."

"நீ அழிச்சது பேர மட்டுந்தான்யா. அவ புரோகிராம் அத தொறந்து வெச்சிகினு இருந்துச்சு. கடைசி ஆள் மூடற வரிக்கும் மெஷின் அந்த எடத்த யாருக்கும் தராது. மெமரில கீறதையும் அப்பறந்தான் உடும். நீ மெஷின அணைக்காம சும்மா உட்டிருந்தா, அவ டெர்மினல்லருந்தே காப்பி எடுத்திருக்கலாம்."

ஆக, மெஷின்கூட அவள் திரும்பி வரட்டும் என்று காத்திருந்திருக்கிறது. எனக்குத்தான் பத்து நிமிஷம் பொறுக்கவில்லை.

திங்கட்கிழமை முதலாளி வந்தார். காலித் திரையைப் பார்த்தார். காபி குடித்தார். போய்விட்டார். அழித்தது யார் என்று வசந்தா அவரிடம் சொல்லவே இல்லை — அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நேற்று போய், "நானும் கூட டைப் பண்றேன் வசந்தா" என்றேன்.

அப்பாவின் கிராஃப் பேப்பர் கட்டை என் பக்கம் தள்ளினாள். "ஆங், நீ கட்டத்த படி. நான் அடிச்சுக்கறேன். கீபோர்டு பக்கம் மட்டும் வராத."

படித்துக்கொண்டிருக்கிறேன். அவள் டீ குடிக்க எழுந்தால்... நானும் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.