பிரித்துப் பார்த்த அழைப்பிதழ்

மகள் கல்யாணத்தன்று என் கணவரை நான் எடுத்த சின்ன வீடியோ, எங்கள் வீட்டுக் கணினியில் இருந்தது. அதில் அவர் பந்தல் வாசலில் நின்று, "சாப்பிடாமப் போயிராதீக" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். அவர் இறந்த பிறகு தினமும் அதைப் போட்டுக் கேட்பேன்.

போன மாதம் 'திருமண அழைப்பிதழ்' என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் யாரென்று தெரியவில்லை. காரைக்குடியில் பத்திரிகையைப் பிரிக்காமல் விட்டால், சொந்தக்காரர்கள் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். கணினி எச்சரித்தும் அதோடு வந்த கோப்பைத் திறந்தேன். அதிலிருந்த வைரஸால் கணினியின் அத்தனை கோப்புகளும் பூட்டிக்கொண்டன.

பழுது பார்க்கும் கடைக்காரர், "வேற எதுலயாச்சும் காப்பி வச்சிருக்கீகளாக்கா?" என்றார். நான் எடுத்து வைக்கவே இல்லை.

இப்போது அனுப்பியவரிடம் போனில் கேட்ட பிறகே எதையும் திறக்கிறேன். ஞாயிறுதோறும் எல்லாவற்றையும் தனி டிஸ்க்கில் நகலெடுக்கிறேன். "சாப்பிடாமப் போயிராதீக" மட்டும் அதில் இல்லை.