எலுமிச்சங்காய்க் கம்பியில் கறுத்த பிளக்குகள்

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்த காலத்தில் மலைநாட்டில், கலஹா பக்கம் ஓட்டோ ஓட்டினேன். எங்கள் வழியில் இருந்த பெற்றோல் செட்டில் மண்ணெண்ணெய் கலந்து விற்றார்கள். நல்ல பெற்றோலில் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் முனை பிஸ்கட் நிறத்தில் இருக்கும். அங்கே அடித்தால் சீக்கிரமே விளக்குச் சிம்னி போலக் கரி பிடித்து, ஏற்றத்தில் வண்டி நின்றுவிடும். ஏறியவர்கள் இறங்கி நடந்தார்கள். என் பிழைப்பு கெட்டது. தமிழன் முறைப்பாடு செய்யப் போனால் பொலிஸில் முதலில் அவனுடைய அடையாள அட்டையைத்தான் கேட்பார்கள். எனக்கோ நாலு பேர் முன்னால் பேசவும் வராது.

ஒரு வெள்ளிக்கிழமை, வண்டியின் முன்னால் எலுமிச்சங்காயும் மிளகாயும் கட்டும் கம்பியில், கறுத்துப்போன பழைய பிளக்குகளைக் கோத்துக் கட்டினேன். அப்படியே செட் வரிசையில் போய் நின்றேன்.

பக்கத்து ஓட்டோக்காரர் சிரித்தார். "என்னண்ணே, எலுமிச்சங்கா வெல கூடிருச்சா?"

"இங்க அடிச்ச பெற்றோலுக்கு இதுதான் தம்பி காய்க்குது."

வரிசையே எட்டிப் பார்த்தது. செட் முதலாளி வந்தார். "அதக் கழட்டு. காலம் சரியில்ல, தெரியுமில்ல?"

"தெரியும் முதலாளி. அதான் திருஷ்டிக்குக் கட்டியிருக்கேன்."

கம்பியில் நான் கை வைக்கவில்லை.

மறுநாள் அங்கே எனக்குப் பெற்றோல் இல்லை என்றார்கள். தூரம் பார்க்காமல் பேராதனைக்குப் போய் அடித்துக்கொண்டேன்.