பேப்பரில் நான் சொன்னது

நேற்று நான் என்ன சொன்னேன் என்பதை மறுநாள் காலை பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். சிரிக்காதீர்கள். பாலைக் காய்ச்சி இறக்கி வைத்துவிட்டு மாவட்டச் செய்திகள் வரும் பக்கத்தைப் புரட்டுவேன். 'ஊராட்சி மன்றத் தலைவி கூறியதாவது' என்று போட்டு, அதன் கீழே நான் பேசியிருப்பேன். தெருவிளக்கைப் பற்றி, கண்மாய்க்கரையைப் பற்றி, நூறு நாள் வேலையைப் பற்றி. 'போர்க்கால அடிப்படையில் பணிகள் முடுக்கிவிடப்பட்டுள்ளன' என்று ஒருநாள் சொல்லியிருந்தேன். அப்படி ஒரு பேச்சு என் வாயில் இன்றுவரைக்கும் வந்ததில்லை.

சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் போகிற ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். பெயர் வேண்டாம், கேவலம் என்னோடு போகட்டும். தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனதும், அதற்காகவே பல வருசமாகக் கல்யாண வீடு, இழவு வீடு ஒன்று விடாமல் போய் வந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. மறுநாளே தேறிவிட்டார். "சரிட்டி, நீ நில்லு. பேருதான ஒன்னுது" என்றார். எனக்கும் ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். சுவரில் என் பெயரை எழுதினபோது போய் நின்று பார்த்தேன்.

ஓட்டுக் கேட்கப் போனபோது அவர் வானத்தை வில்லாக வளைப்பேன் என்று பேசினார். நான் பொம்பளைகளிடம், "எல்லாஞ் செய்வேன்னு சொல்ல மாட்டேன். முடியாதத முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன்" என்றேன். ரேஷன் கடையில் அரிசி புழுத்திருந்தால் நான் முதல் ஆளாகக் கத்துகிறவள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "அவ பொய் சொல்ல மாட்டா" என்றுதான் எனக்குப் போட்டார்கள். ஜெயித்த அன்றைக்கு மாலை என் கழுத்தில் விழுந்தது, ஊர் அவரைப் 'பிரசிடெண்ட்' என்று கூப்பிட்டது. எனக்குக் கிடைத்த பட்டம் 'பிரசிடெண்ட் வீட்டம்மா'. ஆபீசில் சுழல் நாற்காலியில் அவர் உட்காருவார். நான் பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, விரலை வைத்துக் காட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவேன். சுத்துப்பட்டி ஊர்களில் பாதிக்கு இதுதான் வழக்கம் என்பதால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. எனக்கும்தான்.

பேப்பர்க்காரர் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், பகுதி நேர நிருபர். கெட்ட மனுசன் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுக்கு வந்தால் "மைனி, ஒரு வாய் தண்ணி" என்று உரிமையாகக் கேட்பார். செய்தி வேண்டுமென்றால் என் வீட்டுக்காரருக்குப் போன் போடுவார். அவர் பைக்கை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ரெண்டு வார்த்தை சொல்வார். அது என் பெயரில், என் போட்டோவோடு வரும். ஆடித்தபசுக்கு 'பக்தர்களை வருக வருக என வரவேற்கிறோம்' என்று கும்பிட்டபடி நான் நிற்கிற விளம்பரத்தையும் பேப்பர்க்காரரேதான் வாங்கிப் போவார். செய்தி கொடுப்பதும் விளம்பரம் கொடுப்பதும் ஒரே வீடு என்றால் அங்கே குறுக்குக் கேள்வி எங்கிருந்து வரும்?

குறுக்குக் கேள்வி கேட்க ஒருத்தர் இருந்தார். சங்கரன்கோவிலில் ஒரு தறிக்கூடத்தில் கணக்குப் பார்க்கிறவர், நாற்பது தாண்டின ஆள். முன்னால் வலைப்பதிவு எழுதிக்கொண்டிருந்தாராம், இப்போது பேஸ்புக்கில் பக்கம் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் குப்பை, குழி, உடைந்த பாலம் என்று படம் பிடித்துப் போடுவார். 'போன்காரர்' என்று கேலியாகச் சொல்வார்கள். "சவம், அதுக்கு வேற சோலி இல்ல" என்று என் வீட்டுக்காரர் பல்லைக் கடிப்பார். உலகத்திலேயே என்னைப் 'பிரசிடெண்டம்மா' என்று கூப்பிட்டவர் அந்த ஒரு மனுசன்தான்.

போன மழைக்காலத்தில் வாறுகால் தோண்ட ஜே.சி.பி. வந்தது. சாக்கடை போக வழி பண்ணுகிறேன் என்று வந்த வண்டி, குடிதண்ணீர்க் குழாயைக் குத்திக் கிழித்துவிட்டுப் போனது. கிழிந்த இடத்தில் பழைய டயர் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டினார்கள். ரெண்டு நாளில் கீழத்தெருக் குழாயில் தண்ணீர் கலங்கி வந்தது. போன்காரர் ஒரு கண்ணாடி டம்ளரில் அதைப் பிடித்து வெயிலுக்கு நேரே காட்டி வீடியோ போட்டார். ஊரெல்லாம் பார்த்தது, வெளியூரில் வேலைக்குப் போன நம்மூர்ப் பையன்கள் எல்லாம் வீடியோவுக்குக் கீழே காறித் துப்பி எழுதினார்கள்.

என் வீட்டுக்காரருக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே! குழாயைப் பார்க்கப் போகவில்லை, பேப்பர்க்காரருக்குப் போன் போட்டார். மறுநாள் காலை பேப்பரில் நான் சொல்லியிருந்தது இது: 'உடைந்த குழாய் உடனடியாகச் சரிசெய்யப்பட்டது. குடிநீர் முறையாகப் பரிசோதிக்கப்பட்டுள்ளது. எங்கள் வீட்டிலும் இதே தண்ணீரைத்தான் குடிக்கிறோம். நானும் ஒரு தாய். பொதுமக்கள் வதந்திகளை நம்ப வேண்டாம், அச்சமின்றிக் குடிக்கலாம்.'

டேங்க் ஆபரேட்டர் ஒரு செம்பில் பிடித்து மோந்து பார்த்ததுதான் பரிசோதனை. எங்கள் வீட்டு அடுப்படியிலோ கேன் தண்ணீர். வீடியோ வந்த அன்றைக்கே என் வீட்டுக்காரர் வாங்கி இறக்கியிருந்தார்.

"என்ன இது? நான் எப்பச் சொன்னேன் இத?" என்று பேப்பரை அவர் முன்னால் போட்டேன்.

"ஏட்டி, நான் சொன்னா எவன் நம்புவான்? நீ தாயின்னு சொன்னாத்தான் பொம்பளைக வாய மூடுவாளுவ. ரெண்டு நாள்ல குழாய மாத்திருவோம், சும்மா கெட."

சும்மா கிடந்தேன். ரேஷன் கடையில் கத்துகிற வாய், வீட்டில் அடைத்துக்கொண்டது. அதோடு விட்டேனா? யாராவது அடுப்படிக்குள் எட்டிப் பார்த்துவிடக் கூடாதே என்று அந்தக் கேன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை அது. என் கைதான் போட்டது.

அன்று மதியம் போன்காரர் கூப்பிட்டார். "பிரசிடெண்டம்மா, பேப்பர்ல வந்தது நீங்க சொன்னதா? இல்லைன்னா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். நான் உங்க வீட்டுக்காரரப் பத்தி ஒண்ணும் எழுத மாட்டேன்."

"அதான் பேப்பர்ல போட்டிருக்குல்லா. பெறவு என்ன கேள்வி?" என்று வெட்டிவிட்டேன்.

"சரிம்மா" என்றார். தன் பேஸ்புக் பக்கத்தில் அதையும் அப்படியே எழுதினார். தலைவியிடம் கேட்டோம், பேப்பரில் வந்தது தன் பேச்சுதான் என்கிறார் என்று. இப்படி ரெண்டு பக்கமும் என் பெயரில் ஒரே பொய் நின்றது. முதலாவது என் வீட்டுக்காரர் சொன்னது, ரெண்டாவது நான் சொன்னது.

கீழத்தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். பீடி சுற்றுகிறவள், என்னை யக்கா யக்கா என்று சுற்றி வருவாள். ஓட்டுக் கேட்டுப் போனபோது எனக்கு முன்னால் ஒவ்வொரு வாசலாக ஓடிக் கூப்பிட்டவள். அவளுடைய சின்னப் பிள்ளைக்கு இன்னும் பால்வாடிப் பருவம். அந்தப் பிள்ளைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு, கண் செருகி, சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று கேள்விப்பட்டேன். ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் அவள் என்னைத் திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். முடியைப் பிடித்து இழுத்து நாலு அறை கொடுத்தால்கூட நல்லது என்றிருந்தது.

அவள் திட்டவில்லை. எழுந்து எனக்கு ஸ்டூலைத் தந்தாள். பிள்ளை கையில் ஊசியோடு வாடிக் கிடந்தது.

"தண்ணிதான் காரணம்னு டாக்டரு சொல்லுதாரு யக்கா. ஒன்னையத் தப்பு சொல்லல. நீயும் அதத்தான குடிக்க. ஒனக்கும் தெரிஞ்சிருக்காது."

கொண்டுபோன பழத்தைக் கட்டில் ஓரமாக வைத்தேன்.

"அந்த போன்காரரு வீடியோவப் பாத்துட்டு அன்னைக்கெல்லாம் கொதிக்க வச்சுத்தான் குடுத்தேன். எங்க வீட்டு ஆளு பேப்பர வாசிச்சாரு. நீ சொல்லிருக்கன்னதும் விட்டுட்டேன். அண்ணாச்சி பேருல வந்திருந்தா நம்பிருக்கவே மாட்டேன் யக்கா. நீ சொன்னதுனாலதான்."

அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. என் மனசுக்குள்ளே சொல்லிக்கொண்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது. பிள்ளையின் காலைத் தொட்டுவிட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று பேப்பர்க்காரருக்குப் போன் போட்டேன். அத்தனை நாளில் நானாக அவருக்குப் போட்ட முதல் போன் அது.

"தம்பி, நான் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. தண்ணி நல்லால்ல. யாரும் பரிசோதிக்கல. எங்க வீட்ல கேன் தண்ணிதான் குடிக்கோம். முன்னால வந்தது நான் சொன்னதே இல்ல. கொதிக்க வைக்காம யாரும் குடிக்கக் கூடாதுன்னு நாளைக்கே போடுங்க."

"சரி மைனி, சரி மைனி. போட்டுருவோம்" என்றார்.

பஸ்சுக்கு நடப்பதற்குள் என் போன் அடித்தது. என் வீட்டுக்காரர். "என்னட்டி, பைத்தியம் கிய்த்தியம் பிடிச்சிருக்கா? பேப்பர்க்காரன்ட்ட என்னத்த ஒளறி வச்ச?"

பேப்பர்க்காரரைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன், இப்படிச் செய்யலாமா என்று. அவருக்கு என் கோபமே விளங்கவில்லை.

"மைனி, தலைவி பேர்ல ஒரு செய்தி போடுதோம்னா உறுதிப்படுத்தாமப் போடக் கூடாதுல்லா? அதான் அண்ணாச்சிட்ட கேட்டேன். அவுக வேண்டாம்னுட்டாக" என்றார், நிதானமாக.

சத்தியமாக அவர் கிண்டல் செய்யவில்லை. நான் சொன்னது உண்மையா என்று அவருக்குச் சந்தேகம் வந்தால் கேட்கவேண்டிய ஆள் என் வீட்டுக்காரர் என்பது அவர் தொழிலில் பழகிப்போன ஒன்று. நானும் சேர்ந்துதான் அந்தப் பழக்கத்தை உண்டாக்கினேன். யாரைப் போய்த் திட்ட?

வீட்டுக்கு வந்ததும் போன்காரரைக் கூப்பிட்டேன். தறிக்கூடத்தில் சொல்லிவிட்டு உடனே வந்தார். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை, அதுவே எனக்குச் சுட்டது. அடுப்படியிலிருந்து கேனைத் தூக்கி வாசலில் வைத்து, துண்டை எடுத்து, பக்கத்தில் நின்று பேசினேன். "பேப்பர்ல வந்தது பொய். நான் சொல்லல. ஆனா இவரு கேட்டப்ப நான்தான் சொன்னேன்னு சொன்னேன், அது என் பொய்." நாக்கு குழறியது. திரும்ப எடுக்கலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். இரண்டாம் தடவை பேசத் தைரியம் இருந்திருக்காது.

என் வீட்டுக்காரர் அன்றைக்கு வீட்டில் சாப்பிடவில்லை. "ஊரு சிரிக்க வச்சிட்டல்லா" என்றார், அவ்வளவுதான். வீடியோவுக்குக் கீழே என்னைப் பாராட்டியும் எழுதினார்கள், நாறடித்தும் எழுதினார்கள். பாராட்டினதைப் படிக்கத்தான் கூச்சமாக இருந்தது. கேனைக் காட்டினதற்கா பாராட்டு? பிள்ளை கிடந்த கட்டிலை அவர்கள் பார்க்கவில்லை.

நாலைந்து நாளில் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது. குழாயையும் புதிதாக மாற்றினார்கள். வீடியோ பெரிய ஆட்கள் கண்ணில் பட்டதும் வேலை தானாக ஓடியது. ஆனாலும் மண் கலங்கல் தெளிகிறவரைக்கும் கொதிக்க வைக்கச் சொல்ல வேண்டும் என்று சாயங்காலம் நானே கீழத்தெருக் குழாயடிக்குப் போனேன். குடங்கள் வரிசையில் இருந்தன. என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. அவளும் நின்றாள், இடுப்பில் பிள்ளை.

"இன்னும் கொஞ்ச நாளைக்குக் கொதிக்க வச்சே குடிங்க. நல்லா ஆனதும் நான் வந்து சொல்லுதேன்" என்றேன்.

அவள் பிள்ளையை இறக்கிவிட்டு என்னிடம் வந்தாள். எனக்குப் பின்னால் ஆள் யாராவது வருகிறார்களா என்று தெருமுனையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"யக்கா, கோவிச்சுக்கிடாத. இது நீயா சொல்லுதியா, அண்ணாச்சி சொல்லச் சொன்னாகளா?"

"நான்தான் சொல்லுதேன்."

"போன தடவையும் நீதான் சொன்னன்னு போட்டுருந்துச்சு. இப்ப அத நான் சொல்லலன்னு சொல்லுத. பிள்ளைக்குத் தண்ணி குடுக்கணும்லா, எங்களுக்கு எப்படித் தெரியும் யக்கா?"

அவள் முகத்தில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். சுற்றி நின்ற அத்தனை பேரும் என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குடம் நிறைந்து வழிந்தது, குனிந்து குழாயை அடைத்தேன்.