சதவீத அக்காவின் துணிக்கொடிகள்

பஸ் ஒரு ஊருக்குள் நுழைந்ததும் சதவீத அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மாடிகளைப் பார்க்க ஆரம்பிப்பார். கடைகளும் கட்டடங்களும் அவருக்கு ஒரு பொருட்டில்லை. துணிக்கொடிகள்தான் முக்கியம். கைக்குட்டை அளவுச் சட்டைகளும் விரல் நீளக் காலுறைகளும் காய்ந்தால் முகம் மலரும். எல்லாம் பெரிய துணியாக இருந்தால் உதட்டைப் பிதுக்குவார். “இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரமே பூட்டுதான்ப்பா” என்பார், பக்கத்து இருக்கையில் இருப்பவர் அந்த ஊர்க்காரரா என்று பார்க்காமலே.

புள்ளிவிவர அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. எந்த வட்டாரத்தில் எந்த ஊர் வளர்கிறது, எது தேய்கிறது என்று ஒப்பிட்டு ஆண்டுதோறும் ஒரு சிறு புத்தகம் தயாரிப்பது அவர் வேலை. எதிர்ச் சுவர் முழுக்க வரைபடம். வளரும் ஊருக்குப் பச்சைக் குண்டூசி, தேயும் ஊருக்குச் சிவப்பு. கடலோரம் பச்சையாகக் கிடக்கும்; சமவெளி கலவை; மலைப்பக்கம் அம்மை போட்டதுபோல் சிவந்திருக்கும். பச்சை ஊசியை நறுக்கென்று குத்துகிறவர், சிவப்பை மட்டும் மெல்ல அழுத்துவார். அந்த ஊருக்கு வலிக்கும் என்று நினைக்கிறாரோ என்னவோ.

அலுவலகத்தோடு முடிகிற பழக்கமில்லை இது. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தால், “மாப்பிள்ளை வீடு ஏறுமுகம். பொண்ணு வீட்டுல சின்னப் பசங்களே இல்ல, கவனிச்சியா?” என்று என் காதில் சொல்வார். தேநீரில் சர்க்கரை போன வாரத்தைவிடக் குறைவு என்பார். அவரைப் பெரிய அறிவாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் வைத்தால்தான் அவருக்குக் கண் தெரியும். ஒரு பொருளைத் தனியாகப் பார்த்து அழகு என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் எண்ணிக்கையை மட்டும் கண்டு அவர் மயங்குவதில்லை. “கூடியிருக்கு, சரி. எதுக்கு வந்தாங்கன்னு கேக்க வேணாமா?” என்பது அவர் வாயிலிருந்து தினமும் விழும் கேள்வி.

அவருக்கு ஒரு தம்பி. குழந்தைகளுக்கான செருப்புக் கடை வைத்திருப்பவர். கடை இருந்த ஊர் அக்காவின் வரைபடத்தில் பல வருடங்களாகச் சிவப்பு. ஒரு மதியம் அவர் அக்காவின் புத்தகத்தையே அக்குளில் இடுக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். மலைப்பக்கத்து ஊர் ஒன்று வளர்ச்சியில் முதலிடம் பிடித்திருந்தது. அங்கே கடை பார்த்துவிட்டாராம், திங்கட்கிழமை கையெழுத்தாம். பழைய கடையைக் காலி செய்வதாகவும் சொல்லிவிட்டாராம்.

அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

“டேய், அது ஜெயிலுடா. போன வருஷம் திறந்தாங்க. உள்ள இருக்கறவனையும் அந்த ஊர்க்காரன்னுதான் எழுதுவோம். எல்லாம் மீசை வெச்ச ஆளுங்க. அவன் வந்து உங்கிட்ட பூப்போட்ட செருப்பு வாங்குவானா?”

கீழே அடிக்குறிப்பு போட்டிருப்பதாகக் காட்டினார். அதை எறும்பால்தான் படிக்க முடியும் என்றார் தம்பி. சிரிக்க ஆரம்பித்த எனக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இப்போது பின்வாங்கினால், காலி செய்வதாகச் சொல்லிவிட்ட பழைய கடையும் இருக்காது, புதியதும் இல்லை. அதைவிட வேறொன்று அவரை உறுத்தியது.

“நான் எதைச் செஞ்சாலும் நீ இப்படித்தாங்க்கா. சின்ன வயசுல நம்ம அண்ணன் மார்க்கோட ஒப்பிட்ட. இப்ப ஜெயிலோட ஒப்பிடுற.”

ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று மட்டும் அக்கா சொன்னார். நடுவராக என்னையும் கூட்டிப்போனார். நடுவர் என்று பெயர், வழியெல்லாம் பையைத் தூக்கியது நான்தான்.

கடை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்தது. கடையின் சொந்தக்காரர் சாவியைக் கொடுத்து, சாயங்காலம் நாளைய கையெழுத்தைப் பற்றிப் பேச வரும்போது திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார். நல்ல கடை, வெளிச்சமும் உண்டு. பார்த்து முடித்ததும் அக்காவே பூட்டி, சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். “நானே திருப்பிக் குடுத்துடுறேன்” என்றார்.

தெருவில் வக்கீல்களின் பெயர்ப்பலகைகள், ஒரு முடிதிருத்தகம், பார்வையாளர்களுக்கான தங்கும் விடுதி. கொடிகளில் போர்வைகளும் பெரிய சட்டைகளும். ஒவ்வொரு மாடியைத் தாண்டும்போதும் அக்கா தம்பியை ஒரு பார்வை பார்த்தார். அதில் வெற்றி இருந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், இருந்தது.

தெரு முடிந்த இடத்தில் சிறையின் மதில். அதை ஒட்டியே நடந்தோம். மதிலின் பின்பக்கம் திரும்பியதும் அக்கா நின்றார்.

வரிசை வரிசையாகக் காவலர் குடியிருப்புகள். எல்லாம் புதுச் சுண்ணாம்பு. வீட்டுக்கு வீடு கொடி. கொடி நிறையக் குட்டிப் பாவாடைகள், அரைக்கால் சட்டைகள், விரல் நீளக் காலுறைகள். காற்றில் அத்தனையும் எங்களைப் பார்த்து உதைத்துக்கொண்டிருந்தன.

துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அக்கா பேச்சுக் கொடுத்தார். மதிலுக்கும் குடியிருப்புக்கும் நடுவே நட்டிருந்த எல்லைக் கல்லைக் காட்டினாள் அவள். “இந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் அடுத்த ஊருங்க. பேருக்குத்தான். கடைகண்ணி எல்லாம் எங்களுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டு தெருவுலதான்.”

அந்த அடுத்த ஊருக்கும் வரைபடத்தில் ஊசி உண்டு, சிவப்பு. முதியவர்கள் மட்டும் மிஞ்சிய ஊர். இந்தக் குழந்தைகளின் வரவு அந்தத் தேய்மானத்தில் கரைந்து காணாமல் போயிருந்தது. கைதிகளை ஓர் ஊரின் கணக்கிலும், அவர்களைக் காவல் காக்க வந்தவர்களின் பிள்ளைகளை இன்னோர் ஊரின் கணக்கிலும் எழுதியவர் அக்காதான். விதிப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. எண்ணுவதற்கு முன் எங்காவது கோடு போட்டாக வேண்டும். போட்டதும் யாரோ சிலர் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள்.

தம்பி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்வார், வேறெங்காவது வைத்து ஒப்பிடுவார் என்று நானும் காத்திருந்தேன். அக்கா கொடிகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பார்த்தபடியே கைப்பையின் ஜிப்பைத் திறந்து, துழாவி, சாவியை எடுத்துத் தம்பியின் உள்ளங்கையில் வைத்து அவர் விரல்களை மடக்கி மூடினார்.